சிறுநீர்க் கசிவும் பிசியோதெரபியும்: ஒரு மளிகைக் கடைக்காரன் கணக்கு

தஞ்சாவூரில் நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தினேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்கு வயது 66. போன வருடம் புராஸ்டேட்டில், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில், புற்றுநோய் என்று கண்டுபிடித்து, அந்தச் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது. ஆனால் இருமினால், தும்மினால், நாற்காலியை விட்டு எழுந்தால் வேட்டி நனைய ஆரம்பித்தது.

இந்த எட்டு மாதத்தில் இதற்காக நான் காசு கொடுத்து வாங்கியது மூன்று: டயப்பர், ஒரு சமையலறைத் தராசு, பிசியோதெரபி. மூன்றைப் பற்றியும் எழுதுகிறேன். கம்பெனி பெயரோ கிளினிக் பெயரோ சொல்லப் போவதில்லை. இன்னொருத்தர் சரக்கைப் பெயர் சொல்லிக் குறை பேசுவது கடைக்காரனுக்கு அழகில்லை என்று அப்பா சொல்லி வளர்த்தார்.

முதலில் டயப்பர். ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து, சிறுநீர் வெளியேற மாட்டியிருந்த குழாயை எடுத்தார்கள். ஒரு டயப்பர் கொண்டு வாருங்கள் என்று முன்கூட்டியே ஒருவரும் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி நின்றேன், அவ்வளவுதான். கதவு வரைக்கும் தரையில் கோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது. மகன் மருந்துக் கடைக்கு ஓடினான். "அம்மாவுக்காண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கடைப் பையன் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தானாம், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி.

பெரிசாக இருந்தால் தாராளமாகத் தாங்கும் என்று எக்ஸ்எல் வாங்கி வந்திருந்தான். அங்கேதான் தப்பு. தொடை ஓரத்தில் இடைவெளி விழுந்து, உறிஞ்சுவதற்கு முன்பே பக்கவாட்டில் வழிந்துவிட்டது. இதற்கு அளவு இடுப்புச் சுற்றளவுதான், ஆள் எடை அல்ல. டேப் வைத்து அளந்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் அங்குலத்தோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். எனக்கு 38 அங்குலம், 'எல்' சைஸ் கச்சிதமாக உட்கார்ந்தது.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தேன். பஞ்சுக்கு நடுவே பொடி ரவை போல வெள்ளைக் குருணை. சோடியம் பாலிஅக்ரிலேட் என்கிறார்கள். ஒரு சிட்டிகையைத் தட்டில் போட்டு நாலு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். கண்ணெதிரே ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. தட்டைச் சாய்த்தாலும் ஒரு சொட்டு விழவில்லை. சரி, கொடுக்கிற காசுக்குச் சரக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தக் குருணை உறிஞ்சக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரேயடியாகக் கொட்டினால் ஓரத்தைத்தான் தேடி ஓடும்.

சிக்கனம் பார்த்து ஒருநாள் பெண்கள் வைக்கும் நாப்கினையும் வைத்துப் பார்த்தேன். வேண்டாம். அது கெட்டியாக, மெதுவாக வருவதற்குச் செய்தது. சிறுநீர் தண்ணீராகச் சட்டென்று வரும், தாங்காது. ஆண்களுக்கென்றே கிண்ணம் போல முன்பக்கம் குவிந்த சின்னப் பேட் ஒன்று இருக்கிறது. கசிவு குறைந்த பிறகு எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் வேட்டிக்குள் தொளதொள டிராயர் போடுகிறவர்களுக்கு அது நிற்காது. இறுக்கமான ஜட்டி வேண்டும். முப்பது வருடத்துக்குப் பிறகு ஜட்டிக்கு மாறினேன். அதற்குத் தனியாக 600 ரூபாய்.

தோல் விஷயத்தில் ஒன்று. அரிப்புக்குத் தேங்காய் எண்ணெயை வழித்துப் பூசினேன். எண்ணெய்ப் பசை பேடில் ஒட்டிக்கொண்டு, உறிஞ்சுவதே குறைந்துபோனது. ஈரமானதும் மாற்றிவிட்டுத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவிட்டாலே பாதி அரிப்பு போய்விடுகிறது. மீதிக்கு டாக்டர் கொடுத்த துத்தநாகக் களிம்பு, மெல்லிசாக.

பேன்ட் மாதிரி மாட்டும் டயப்பர் பத்துக்கு 420 ரூபாய். ஒரு நாளைக்கு நாலு. 168 ரூபாய். மாதத்துக்கு 5,040. சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். எங்களைப் போன்ற கிழங்களையும் யாராவது நினைத்துப் பார்க்கலாம்.

விலையை விடப் பெரிய தொல்லை வேறு. கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஆண்கள் கழிப்பறைக்குள் போய் நனைந்ததைக் கழற்றிவிட்டேன். கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால் குப்பைத் தொட்டியே இல்லை. ஆண்களுக்கு அங்கே போட என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள் போல. செய்தித்தாளில் சுற்றி, கவரில் போட்டு, மொய்க் கவர் வைத்திருந்த மஞ்சள் பையிலேயே வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர் பையை நகர்த்தி வைக்கப் போனார். "இருக்கட்டும் இருக்கட்டும்" என்று நான் பாய்ந்த பாய்ச்சலில் பாயசமே கொட்டியது.

டயப்பருக்கு மூன்று நட்சத்திரம். அது கசிவைப் பிடிக்கிறது, நிறுத்துவதில்லை.

இரண்டாவது மாத செக்கப்பில் டாக்டர், "கெகல் எக்சர்சைஸ் செய்யுங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார். சிறுநீரை அடக்கும் அடித்தசையை இறுக்கி விடுகிற பயிற்சி அது. ஒரு மாதம் விடாமல் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் ஒருவர் சொல்லி இந்தப் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். வரவேற்பறை முழுக்கக் கர்ப்பிணிப் பெண்கள் படம். காத்திருந்த ஏழு பேரில் நான் ஒருவன்தான் ஆண். "யாரைக் கூப்பிட வந்தீங்க?" என்று ரிசப்ஷனில் கேட்டார்கள்.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், என் மகளை விட இளையவள். கூச்சமே படாமல் பேசினாள். "சார், சிறுநீரை மூடித் திறக்க உங்களுக்குத் தண்ணிக் குழாய்த் திருகு மாதிரி ரெண்டு குழாய் இருந்தது, ரெண்டுமே தசைதான். மேல் குழாய் ஆபரேஷன்ல போயிடுச்சு. கீழ் குழாய் இருக்கு. இத்தனை வருஷம் அதுக்குப் பாதி வேலைதான், இப்ப முழு வேலையும் அதுதான் பார்க்கணும்" என்றாள். எண்ணெய் டிரம்மில் ஒரு குழாய் பழுதானால் இன்னொன்றை இறுக்கி ஓட்டியவன் நான். எனக்கு அது சட்டென்று புரிந்தது.

பிறகு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் மாதிரி இரண்டு ஒட்டி, வயிற்றிலும் ஒட்டி, கம்ப்யூட்டரில் கோடு காட்டினாள். நான் ஒரு மாதமாகச் செய்ததைச் செய்து காட்டச் சொன்னாள். மூச்சைப் பிடித்து முக்கிச் செய்தேன். வயிற்றுக் கோடு மலை மாதிரி ஏறியது. ஏற வேண்டிய கோடு அசையவே இல்லை. "சார், நீங்க வயித்தையும் பின்பக்கத்தையும்தான் இறுக்குறீங்க. முக்கினா உள்ளே இருக்கிறது இன்னும் கீழேதான் தள்ளும்" என்றாள்.

அப்புறம் அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்குத் திறவுகோல். "மார்கழியில விடியற்காலம் ஆத்துல இறங்குனா, தண்ணி இடுப்புக்கு வரும்போது தானா உள்ளே இழுத்துக்குமே, அந்த இழுப்பு." சிறுவயதில் காவிரியில் எத்தனை தடவை! நினைத்த மாத்திரத்தில் கோடு ஏறியது. அந்தத் தாளில் அச்சடித்திருந்த ஒரு பக்கம் சொல்லாததை இந்த ஒரு வரி சொல்லிவிட்டது.

எனக்குக் கொடுத்த கணக்கு: ஒரு தடவைக்குப் பத்து இழுப்பு, ஒவ்வொன்றையும் பத்து விநாடி வரை பிடிக்கப் பழக வேண்டும், விட்டதும் அதே அளவு ஓய்வு. கடைசியில் பத்து வேக இழுப்பு. காலை, மதியம், இரவு. மூச்சை அடக்கக் கூடாது. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, அப்புறம் நின்று. சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். எழுந்திருப்பதற்கு முன், இருமுவதற்கு முன், ஏதாவது தூக்குவதற்கு முன் ஒரு இழுப்பு. இதுதான் கஷ்டம், தும்மல் சொல்லிவிட்டா வருகிறது? ஆனாலும் மூன்று வாரத்தில் பழகிவிட்டது. கெகல் என்பவர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவராம், 1948-ல் பிள்ளை பெற்ற பெண்களுக்காக எழுதியதாம். அதில் 66 வயது மளிகைக் கடைக்காரனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

தண்ணீரைக் குறைத்திருந்தேன். அதற்குத் திட்டு விழுந்தது. குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி உள்ளே எரிச்சல் கொடுத்து, இன்னும் அடிக்கடிதான் வருமாம். காபியை நாலு டம்ளரிலிருந்து ஒன்றாக்கச் சொன்னாள். இதற்கு நான் பட்ட பாடு ஆபரேஷனை விட அதிகம். ஆனால் உண்மை, சாயங்கால டிகிரி காபியை விட்ட வாரமே அவசரம் குறைந்தது. மலச்சிக்கலையும் விடக் கூடாது, முக்கினால் பயிற்சி செய்ததெல்லாம் வீண்.

இப்போது தராசு. இது பிசியோதெரபிஸ்ட் கொடுத்த யோசனை: கழற்றிய பேடை எடை போட்டு, காய்ந்த பேடின் எடையைக் கழிக்க வேண்டும். மீதி எத்தனை கிராமோ, ஏறக்குறைய அத்தனை மில்லி கசிவு. (எண்ணெய்க்கு இந்தக் கணக்கு செல்லாது, லிட்டருக்கு 910 கிராம்தான். இது தண்ணீர் மாதிரி.) ஒரு கிராம் துல்லியம் காட்டும் தராசு 350 ரூபாய்க்கு வாங்கினேன். சமையலறையில் வைக்க வீட்டில் விடவில்லை, கொல்லையில் வைத்திருக்கிறேன். பழைய கடன் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கித் தேதி போட்டு எழுதினேன்.

பயிற்சி ஆரம்பித்த வாரம் ஒரு நாளைக்கு 480 கிராம். நாலாவது வாரம் 310. எட்டாவது வாரம் 120. பன்னிரண்டாவது வாரம் 45. நடுவில் ஆறாவது வாரம் 350-க்கு ஏறியது. மனசு விட்டுப்போனது. நோட்டைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு என்ன பண்ணீங்க சார்?" என்று கேட்டாள். கடைக்குப் போய் 25 கிலோ அரிசி மூட்டையை நகர்த்தியிருந்தேன். தானாகவே சில மாதத்தில் கொஞ்சம் குறையும் என்று டாக்டரும் சொன்னார், அதனால் எல்லாப் பெருமையும் பயிற்சிக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலமானால் தசை களைத்துக் கசிவு கூடும் என்பது நோட்டு இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. மதியம் அரைமணி படுப்பது அதற்குப் பிறகுதான். தராசுக்கு ஐந்து நட்சத்திரம்.

கிளினிக்குக்கு நாலுதான். முதல் நாள் 800, பிறகு எட்டுத் தடவை 500. மொத்தம் 4,800, ஒரு மாத டயப்பர் செலவை விடக் குறைவு. நேரத்துக்குக் கூப்பிடுவதில்லை, முக்கால் மணி காத்திருப்பு சாதாரணம். ஆனால் நட்சத்திரம் குறைத்தது அதற்காக இல்லை. கிளினிக் மாடியில், லிஃப்ட் கிடையாது. கழிப்பறை கீழே, கட்டடத்துக்குப் பின்பக்கம், சாவி வாட்ச்மேனிடம். சிறுநீர் அடக்க முடியாமல் வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடம் இது! அந்தப் பெண்ணிடமே சொன்னேன். "ஓனர்கிட்ட சொல்லியிருக்கேன் சார், அதுவரைக்கும் படி ஏறும்போது இழுத்துப் பிடிச்சுப் பழகுங்க" என்றாள்.

ஐந்தாவது தடவை என் மனைவியும் துணைக்கு வந்தாள். வெளியே உட்கார்ந்திருந்தவள், திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகக் கேட்டாள்: "என்னங்க, இது பொம்பளைங்களுக்கும் பண்ணுவாங்களா?" இரண்டாவது பிள்ளைக்குப் பிறகே இருமினால் கசியுமாம். பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள், முப்பத்திரண்டு வருடமாக. கோயிலுக்குக் கிளம்புமுன் இரண்டு தடவை பாத்ரூம் போவாள், நான் வாசலில் நின்று செருப்பைத் தட்டிக்கொண்டு கத்துவேன். அன்றைக்கு ஆட்டோவில் நான் ஒன்றும் பேசவில்லை.

அவளுக்கு முதலில் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தார்கள், கிருமி, சர்க்கரை இருக்கிறதா என்று. இரண்டும் இல்லை. இருமல், தும்மலுக்குக் கசிகிற வகைக்குப் பயிற்சிதான் முதல் வைத்தியம், மூன்று மாதமாவது செய்ய வேண்டும் என்றார்கள். இப்போது இரண்டாவது மாதம். தராசில் எடை போட மட்டும் மறுக்கிறாள். "எனக்கே தெரியும்" என்கிறாள். உங்களுக்கும் ரத்தம் போனாலோ, காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலோ, முட்டிக்கொண்டும் வராமல் போனாலோ பயிற்சி, தராசு எல்லாம் அப்புறம், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

போன வாரம் என் கணக்கு 12 கிராம். ஒரு சின்னப் பேட் போதும், அதுவும் வெளியே போனால் மட்டும். 'எல்' சைஸ் டயப்பர் இரண்டு பாக்கெட் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. மருந்துக் கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு அடுத்த மாதம் இதே ஆபரேஷன். குழாய் எடுக்கிற நாளைக்கு ஒன்றையும், அதற்கு முன்பே அந்தப் பெண்ணின் கிளினிக் விலாசத்தையும் கொடுத்து அனுப்பப் போகிறேன். அவர் இடுப்பு 40 இருக்கும், பார்ப்போம்.