கேஸ் போட்டே தேய்ந்த தூத்துக்குடி ஏசி

கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு ஏசியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டார். இங்கே ஜன்னலைத் திறந்தால் போதும், ஜூலையில் அதையும் திறக்க முடியாது. ஆனால் அம்மாவும் அப்பாவும் இருப்பது தூத்துக்குடியில், கடலுக்கு நடந்தே போய்விடலாம், காற்றடித்தால் உப்பளத்துத் தூசியும் சேர்ந்து வரும். மே மாசம் இங்கே வந்து இருங்கள் என்று கூப்பிட்டால் பத்தாவது நாளே குளிரில் அப்பாவுக்கு முழங்கால் வலி ஆரம்பித்துவிடும், பஸ் ஏறிவிடுவார்கள். அதனால் அந்த வீட்டு ஏசியை 2014-லிருந்து நான்தான் இங்கிருந்து போனிலேயே மேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஏசி ஒன்றரை டன் ஸ்பிளிட், உள்ளே குளிர வைக்கச் சுற்றுகிற கேஸ் ஆர்22. அவுட்டோரை மொட்டைமாடியில் கிழக்குப் பார்த்து, அதாவது நேராகக் கடலைப் பார்த்து வைத்தார்கள். காற்று நன்றாக வரும் என்றார் மாட்டியவர். வந்தது, உப்போடு வந்தது.

மூன்றாவது வருஷம் அம்மா போன் செய்தார். "ஏட்டி, காத்துதான் வருது, குளிரு வரல. உள்ள ஐஸ் கட்டிக் கெடக்கு." ஐஸ் கட்டுகிறது என்றால் குளிர் அதிகம் என்று நினைத்தேன், அப்படியில்லை. ஃபில்டர் அடைத்தாலோ கேஸ் குறைந்தாலோ காயில், அதாவது உள்ளே குளிர்கிற குழாய்ச் சுருள், கன்னாபின்னாவென்று குளிர்ந்து காற்றிலிருக்கும் ஈரம் அங்கேயே உறைந்துவிடும். மெக்கானிக் வந்தார், "கேஸ் இறங்கியிருக்கு" என்றார், 2,500 ரூபாய் வாங்கினார், போனார். எட்டு மாசம் ஓடியது. மறுபடி கேஸ். அப்புறம் ஐந்து மாசம். இப்படி நான்கு தடவை, நான்கு வேறு வேறு ஆட்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருளே கிடையாது, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, குறைந்தால் எங்கோ ஓட்டை. இதை எனக்குச் சொன்னது அந்த நான்கு பேரில் ஒருத்தரும் இல்லை, இங்கே பேக்கரியில் ஃபிரிட்ஜ் பார்க்க வந்தவர். "ஓட்டைய அடைக்காம கேஸ் ஊத்துனா அடுத்த வருசமும் ஊத்தோணுங்க."

ஐந்தாவது தடவை நான் ஊருக்குப் போயிருந்தேன். வந்தவர் வயதானவர், அவசரமே படவில்லை. அவுட்டோர் மூடியைக் கழற்றி விரலால் தொட்டார், அலுமினியத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றிவிட்டு, சோப்பு நுரையை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு வளைவாகத் தடவிக்கொண்டே வந்தார். கீழ் வரிசையில் ஒரு வளைவில் கடுகளவு குமிழி வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. பத்தாயிரம் ரூபாய் போன வழி அதுதான்.

காப்பர் காயில் என்றால் உப்புக் காற்று ஒன்றும் செய்யாது என்று கடையில் சொல்வார்கள். குழாய்தான் செம்பு, அதைச் சுற்றியிருக்கும் தகடு அலுமினியம். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் பேட்டரிக்குள் நடக்கிற மாதிரி ஒரு வேலை நடக்கும், முதலில் கரைவது அலுமினியம். தகடு போனால் சூடு வெளியே போகாது, கம்ப்ரஸர் முக்கும், கரண்ட் பில் ஏறும்.

ஓட்டையைப் பற்றவைத்து (பிரேசிங்) ஒன்றரை வருஷம் ஓட்டினோம். அப்புறம் உள்ளே கூலிங் காயிலும் ஒழுகியது, புதுக் காயிலும் கூலியும் சேர்த்தால் புது ஏசியில் பாதி விலை. 2021-ல் மாற்றிவிட்டோம்.

இந்தத் தடவை இன்வெர்ட்டர் ஏசி, ஆர்32 கேஸ், தகட்டில் பூச்சு கொடுத்தது. அவுட்டோரை மேற்குச் சுவரில் சன்ஷேடுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். வெயில் படுமே என்று மாட்ட வந்த தம்பி தயங்கினான். சாயங்கால வெயில் கொஞ்சம் படத்தான் செய்கிறது, பரவாயில்லை, கடல்காற்று நேரே அடிப்பதில்லை. பழைய ஸ்டாண்டிலேயே வைத்துவிடலாம் என்றான், அது துருப்பிடித்துத் தகரமாகிக் கிடந்தது, புதிதாக வாங்க வைத்தேன். குழாயில் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பதற்குப் பெயர் வாக்யூம், அதைப் போடும்போது வீடியோ காலில் காட்டு என்றேன். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுவதோடு முடித்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கிவிடும், ஆர்32 கொஞ்சம் தீப்பிடிக்கிற கேஸ் வேறு. இங்கே மூடுபனி இறங்கி சிக்னல் விட்டுவிட்டு வந்தது, ஆனாலும் அவன் சொன்னது கேட்டது: "அக்கா, பம்பு வண்டியில இருக்கு, எடுத்துட்டு வர்றேன்." நான் கேட்காமல் இருந்திருந்தால் பம்பு வண்டியிலேயே இருந்திருக்கும்.

இதுவரை கேஸ் ஒரு தடவைகூடப் போடவில்லை. அப்பா மாசம் ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு அவுட்டோரைக் கழுவுகிறார். போர் தண்ணீர் உப்பு என்பதால் குழாய்த் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரை ஏசிக்கு ஊற்றுகிறார் என்று அம்மாவுக்கு இன்னும் ஆத்திரம். 26-ல் வைத்து ஃபேனையும் ஓடவிடுகிறார்கள். மே-ஜூன் பில்லில் முன்பைவிட 150 யூனிட் போல குறைகிறது.

குறை இல்லாமல் இல்லை. 2023 கோடையில் அவுட்டோரின் சர்க்யூட் போர்டில் பல்லி ஏறிக் கருகி, 6,500 ரூபாய். கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் வாரண்டி என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள், போர்டுக்கு ஒரு வருஷம்தான் என்பது பொடி எழுத்தில் இருந்தது. அந்த டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்போது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஏசி உயரத்தில் இருந்ததால் தப்பியது, தரையில் வைத்திருந்த ஸ்டெபிலைசர் போனது.

போன வாரம் இண்டோரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று அம்மா சொன்னார். சர்வீஸுக்குப் போன் செய்தால், ஏசியைப் பார்க்காமலே, "கேஸ் செக் பண்ணணும் மேடம்" என்றார்கள். அதற்குள் அப்பா டிரெயின் பைப்பில் சைக்கிள் பம்பை வைத்து அடித்திருக்கிறார், கறுப்பாக அழுக்கு வந்து விழுந்ததாம். சொட்டு நின்றுவிட்டது.