டீச்சரத்தை சொன்ன ப்யோம்கேஷ் பக்ஷி

1993-ல் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. கருங்கல்பாளையத்தில் எதிர்வீட்டு டீச்சரத்தையிடம் ஒரு பிளாக் அண்ட் ஒயிட் பெட்டி இருந்தது. தூர்தர்ஷனில் ‘ப்யோம்கேஷ் பக்ஷி’ என்ற இந்தித் துப்பறியும் தொடர் போட்டால் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் அங்கே தரையில் உட்கார்ந்துவிடுவோம். எங்களில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. அத்தை பிராத்மிக், மத்யமா என்ற இந்திப் பரீட்சைகள் இரண்டும் பாஸ் செய்தவர் என்பதால் கதை சொல்லும் பொறுப்பு அவருடையது.

“பாரு கண்ணு, அந்த வேட்டிக்காரன்தான் சிஐடி. கூட இருக்கறவன் அவனோட மச்சான்.”

வேட்டிக்காரன் ப்யோம்கேஷ், கூட இருக்கிறவன் அஜித். முப்பது வருஷமாக அந்த அஜித்தை ப்யோம்கேஷின் மச்சான் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்த படுக்கை. போனில் தேடினால் தொடர் முழுக்க இருக்கிறது. 1993-ல் வந்ததும் 1997-ல் வந்ததும் சேர்த்து 34 எபிசோடு. இப்போது எனக்கு இந்தி வரும். ஜவுளி வியாபாரத்துக்காக சூரத் போய்ப் போய், பேரம் பேசியே கற்ற இந்தி. படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன்.

முதல் கதையிலேயே குட்டு உடைந்துவிட்டது. கல்கத்தாவில் ஒரு மெஸ். நடத்துகிறவர் ஹோமியோபதி டாக்டர். அங்கே வேறு பெயரில் வந்து தங்குகிறான் ப்யோம்கேஷ். அறையில் இடம் கொடுக்கிறவன்தான் அஜித். மச்சானும் இல்லை, மாமனும் இல்லை. அப்புறம், ப்யோம்கேஷ் சிஐடியும் இல்லை. துப்பறிவாளர் என்று யாராவது சொன்னாலே முகம் சுளிக்கிறான். தன்னை ‘சத்யான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுகிறவன் என்றுதான் சொல்லிக்கொள்கிறான்.

கதைகள் வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயுடையவை. 1932-ல் தொடங்கி 32 கதை முடித்து, இன்னொன்றைப் பாதியில் விட்டுவிட்டு 1970-ல் இறந்துபோனார். இயக்கம் பாசு சாட்டர்ஜி. ரஜித் கபூர் தான் ப்யோம்கேஷ். கத்துவதில்லை, ஓடுவதில்லை. எதிராளி பொய் சொல்லும்போது உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். சின்ன வயதில் ‘இவன் ஒண்ணுமே பண்ண மாட்டேங்கறானே’ என்று எனக்குச் சலிப்பாக இருக்கும். இன்றைக்கு எதிரே உட்கார்ந்து சரக்கு விலையை ஏற்றிச் சொல்லும் வியாபாரியை நான் பார்ப்பதும் ஏறக்குறைய அதே சிரிப்போடுதான். அஜித்தாக வரும் கே.கே. ரைனா இன்னும் ஒரு படி மேல். எதுவும் புரியாமல், புரிந்த மாதிரி தலையாட்டுவது லேசான நடிப்பு இல்லை.

‘மக்டி கா ரஸ்’ என்ற கதையை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு கிழவர். விடாமல் எதையோ எழுதிக்கொண்டே இருப்பார். சிலந்தி விஷத்துக்கு அடிமை. வீட்டார் எவ்வளவு காவல் இருந்தும் அது எப்படி அவருக்குக் கிடைக்கிறது என்பதுதான் புதிர். “மருமவ பால்ல கலக்கறா கண்ணு” என்றார் அத்தை. (அப்போது அவர் வீட்டில் புது மருமகள் வந்திருந்த சமயம்.) உண்மையில் விஷம் இருப்பது பேனா மையில், அதுவும் சிவப்பு மையில். கிழவர் எழுதுகிற சாக்கில் நிப்பை நாக்கில் வைத்து நக்கிக்கொள்கிறார். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் சிவப்பு மையை அத்தை எங்கே போய்க் கண்டுபிடிப்பார்? அவர்மேல் தப்பே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. சண்டை என்று வந்துவிட்டால் பள்ளி ஆண்டுவிழா நாடகம்தான். 1930-களின் கல்கத்தா என்று பேர், தெருவை விரித்துக் காட்டுவது அபூர்வம். பெரும்பாலும் நாலு சுவருக்குள்ளேயே பேச்சு. 1997 பகுதியில் சில கதைகள் இழுவை. இணையத்தில் நான் பார்த்த பிரதியில் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தானாக ஓடும் சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள், டீச்சரத்தையே தேவலாம்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் ‘ராஸ்தே கா காண்டா’விலிருந்து ஆரம்பிக்கலாம். தெருவைக் கடக்கிற பணக்காரர்கள் ஒவ்வொருவராகப் பொத்தென்று விழுந்து சாகிறார்கள். துப்பாக்கிச் சத்தம் இல்லை, கூட்டத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு கிராமபோன் ஊசி. எதிலிருந்து பாய்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தெருச் சத்தங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள், எல்லாருக்கும் பழகிப்போன ஒரு சத்தம்தான்.

உடம்பு தேறியதும் மகளைக் கூட்டிக்கொண்டு, டேப்லெட்டோடு அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். இதே கதையைத்தான் போட்டேன். சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு வந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு என் மகள் பக்கம் திரும்பினார்.

“பாரு கண்ணு, இவன்தான் அந்தாளோட மருமவன். சொத்துக் கேக்க வர்றான்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் சும்மா இருந்துவிட்டேன்.