கினாபாத்தாங்கான் ஒருநாள் பயணம்: படகு எத்தனை மணிக்கு என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

சென்ற பள்ளி விடுமுறையில் மனைவியையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள சண்டக்கானுக்குச் சென்றிருந்தேன். கினாபாத்தாங்கான் ஆற்றில் முழுநாள் வனவிலங்குப் பயணம் என்று விளம்பரம் செய்திருந்த முகவர் ஒருவரிடம், மூவருக்கும் சேர்த்து 960 ரிங்கிட்டை முன்கூட்டியே கட்டினேன். உரிமம் பெற்ற வழிகாட்டி, நான்கு மணி நேரப் படகுச் சவாரி, மெனங்குல் கிளையாறு, மதிய உணவு என எல்லாமே ரசீதில் எழுதப்பட்டிருந்தன.

காலை ஏழரை மணிக்கு வரவேண்டிய வேன் ஒன்பது மணிக்கு வந்தது. வழியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டு, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடி, பன்னிரண்டரைக்குச் சுக்காவ் கிராமத்தில் எங்களை இறக்கினார்கள். ஒரு மணிக்கு, உச்சி வெயிலில், படகில் ஏறச் சொன்னார்கள்.

ஏமாற்று வேலை இந்த நேரத்தில்தான் இருக்கிறது. 560 கிலோமீட்டர் நீளமுள்ள கினாபாத்தாங்கானின் கீழ்ப்பகுதியில், செம்பனைக்கு ஆற்றோரக் காட்டின் பெரும்பகுதி போய்விட்டதால், எஞ்சிய பகுதிகளில்தான் விலங்குகள் ஒண்டியிருக்கின்றன. 2005-இல் அவற்றை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். அங்குள்ள நீள்மூக்குக் குரங்குகள் பகலில் காட்டுக்குள் இரை தேடிவிட்டு, உறங்குவதற்காக மாலையில் ஆற்றோர மரங்களுக்குத் திரும்புபவை. சபாவில் ஆறு மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், முறையாகத் தொழில் செய்பவர்கள் விடியற்காலையிலோ மாலை நான்கு மணிக்குப் பிறகோதான் படகை எடுப்பார்கள். எங்களை ஒரு மணிக்கு அனுப்பியது, கடையைச் சாத்திய பிறகு சாமான் வாங்க அனுப்பியதற்குச் சமம்.

வழிகாட்டி என்று ஒருவரும் இல்லை. வேன் ஓட்டுநரே வழிகாட்டி என்றார்கள்; அவரோ படகுத்துறை நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலைகள் உள்ள ஆறு அது. அம்மாவுக்குக் கொடுத்த மிதவை அங்கியில் கொக்கி உடைந்திருந்தது; அந்த இடத்தில் ஒரு நீல நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டிருந்தார்கள். பெரிய ஆற்றிலேயே இயந்திரம் அலற ஐம்பது நிமிடம் சுற்றினோம். இரண்டு கொக்குகள், தொலைவில் பறந்துபோன ஓர் இருவாச்சி, அவ்வளவுதான். மெனங்குல் எங்கே என்று படகோட்டியிடம் மலாயில் கேட்டேன். எண்ணெய்க்குக் கொடுத்த காசு இதுவரைக்கும்தான் வரும் என்றவர், கரையோர மரம் ஒன்றைக் காட்டி, நாலரைக்கு வந்தால் அதில் நிறையக் குரங்குகள் இருக்கும் என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று உண்மை பேசியவர் அவர் ஒருவரே.

அம்மா சைவம் என்று முன்பதிவின்போதே சொல்லியிருந்தும், ஆறிப்போன சோற்றுப் பொட்டலத்தில் நெத்திலி கிடந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, விலங்குகள் தென்படும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றார் முகவர். அது சரிதான், ஆனால் நான் கேட்டது விலங்குகளை அல்ல, விற்ற மணிக்கணக்கை.

சண்டக்கானிலிருந்து ஒரே நாளில் போய்வர விரும்புவோர், நண்பகல்வாக்கில் கிளம்பி இருட்டிய பின் திரும்பும் பயணத்தையே தேர்ந்தெடுங்கள். படகு எத்தனை மணிக்குத் துறையை விட்டுக் கிளம்பும், எந்தக் கிளையாற்றுக்குள் போகும், சுற்றுலா அமைச்சின் உரிம அட்டை வைத்திருக்கும் வழிகாட்டி படகிலேயே வருவாரா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். நான் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்திப் பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ரசீதுடன், நேரம் பதிவான இரண்டு படகுத்துறைப் படங்களையும் அந்த நைலான் முடிச்சின் படத்தையும் இணைத்திருக்கிறேன். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.