சும்மா இருக்கும்போதே மை குடிக்கும் பிரிண்டர்: காட்ரிட்ஜா, டேங்கா, லேசரா?

பிரிண்டர் வாங்கிய நான்காவது மாதம், பெட்டியோடு வந்த கறுப்பு காட்ரிட்ஜும் அதற்குப் பிறகு காசு கொடுத்து வாங்கியதும் இரண்டுமே காலி. சந்தேகம் வந்து, வாங்கிய ஏ4 கட்டைப் பிரித்து மிச்சத்தை எண்ணிப் பார்த்தேன். 500 தாளில் பாதிகூடக் கரையவில்லை. அப்படியென்றால் மை எங்கே போனது?

மெஷினே குடித்துவிட்டது. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் நான் சுவர் சுவிட்சில்தான் அணைத்து வந்தேன். பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தினால்தான், மையைத் தாளில் தெளிக்கும் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். இடையில் கரண்டைப் பிடுங்கினால் அது மூடாமலே நின்று காயும். அடுத்த முறை போடும்போது துவாரங்களைத் திறக்க மெஷின் தானாகவே மையைப் பீய்ச்சித் துப்பும். அந்த மை தாளுக்கு வருவதில்லை, அடியில் இருக்கும் பஞ்சுக்குப் போகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது கொழும்பு வீடுகளில் எத்தனை பிரிண்டர்கள் அடித்துக்கொண்டிருந்த பாதியில் இப்படி நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் எந்த மெஷின் மலிவு என்று கேட்பதற்கு முன், மெஷின் எத்தனை நாள் சும்மா கிடக்கப்போகிறது என்று கேட்க வேண்டும். கடைக்காரர்கள் மாதத்துக்கு எத்தனை பக்கம் என்று மட்டும்தான் கேட்கிறார்கள். மாதம் 40 பக்கத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமை அடிப்பவருக்கும், நாளுக்கு ஒன்றோ இரண்டோ அடிப்பவருக்கும் ஒரே மெஷின் ஒத்துவராது.

முதலில் காட்ரிட்ஜ் இங்க்ஜெட். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளில் ஏறி இறங்கினால் கண்ணில் படும் மலிவான மெஷின்களில் பல இந்த வகைதான். மெஷின் மலிவு, மை விலை. எச்பி 680 கறுப்பு காட்ரிட்ஜ் சுமார் 480 பக்கம் வரும், மூவண்ணக் காட்ரிட்ஜ் சுமார் 150 பக்கம். இந்தக் கணக்கு, சோதனைப் பக்கங்களை ஆய்வுகூடத்தில் தொடர்ந்து அடித்துப் பார்த்து எடுத்தது. இடையிடையே கழுவும் மை அதில் சேராது, ஆகவே வாரத்துக்கு மூன்று பக்கம் அடிக்கும் வீட்டில் அந்த எண்ணிக்கையை எதிர்பார்க்க வேண்டாம். மூவண்ணத்தில் மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் மற்ற இரண்டையும் சேர்த்துத்தான் தூக்கி எறிய வேண்டும். எச்பி 680 போன்றவற்றுக்கு ஒரே ஒரு நல்ல குணம் உண்டு: ஹெட் காட்ரிட்ஜிலேயே ஒட்டியிருக்கிறது. அடைத்துப்போனால் காட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது.

அதே காட்ரிட்ஜில் ஊசியால் மை நிரப்பி ஓட்டலாமே என்றால், ஓட்டலாம், சில தடவை. எச்பியும் கெனனும் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித் தெளிப்பவை. துவாரத்தில் மை இல்லாமல் சூடு மட்டும் ஏறினால் ஹெட் கருகிவிடும். ஆகவே முழுக்கக் காலியாகும் வரை அடித்துவிட்டு நிரப்பக் கொடுப்பதில் பயனில்லை. நிறம் மங்கத் தொடங்கியதுமே கொடுக்க வேண்டும். எனக்கு மூன்றாவது நிரப்பலோடு சிவப்பு செத்தது. நிரப்பிய கடையில் கேட்டேன். “ஐயா, மை சரியாத்தான் இருக்கு, ஹெட்தான் போயிட்டுது,” என்றார் அந்தப் பையன். அவன் சொன்னதும் சரிதான்.

அடுத்தது, போத்தலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க். இங்கே கணக்கே வேறு. எப்சன் 003 கறுப்புப் போத்தல் 65 மில்லிலீற்றர், 4500 பக்கம். மூன்று நிறப் போத்தல்களும் சேர்ந்து 7500. கெனன் ஜிஐ-790 கறுப்புப் போத்தல் 135 மில்லிலீற்றர், 6000 பக்கம். மேலே சொன்ன கறுப்பு காட்ரிட்ஜில் ஒன்பதுக்கு மேல் ஒரு எப்சன் போத்தலில் அடங்கும். டொலர் ஏறி இறங்குவதால் விலையை நான் எழுதினால் அடுத்த மாதமே பிழையாகிவிடும். கடையில் கேட்ட விலையை இந்தப் பக்க எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். புது மெஷினில் முதல் போத்தலின் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும் என்பதையும் நினைவில் வைத்தால் ஏமாற்றம் இல்லை.

ஆனால் டேங்கும் மையை வீணாக்காமல் இல்லை. மை மலிவாகிவிட்டதால் நமக்கு அது வலிப்பதில்லை, அவ்வளவுதான். துப்பிய மை போகும் பஞ்சு ஒருநாள் நிறையும். மெஷின் அதை உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே வந்து, எல்லையைத் தொட்டதும் விளக்குகளை மினுக்கி நின்றுவிடும். எப்சன் எல்3110இல் அந்தப் பஞ்சு உள்ளே இருக்கிறது, திருத்துபவர் கழற்ற வேண்டும். எண்ணிக்கையை மட்டும் ‘றீசெட்’ அடித்துவிட்டு பஞ்சை மாற்றாமல் தந்தால் அடுத்த கசிவு உங்கள் மேசையில். காசு கொடுக்கும்போது “பஞ்சு மாத்தினீங்களா?” என்று கேளுங்கள். கெனன் ஜி2020, ஜி3020 மெஷின்களில் இதற்கென்று தனிப்பெட்டி இருக்கிறது, நாமே இழுத்து மாற்றலாம். ஹெட்டும் அப்படித்தான்: கெனன் ஜி வரிசையில் கழற்றி மாற்றக்கூடியது, எப்சனில் மெஷினோடு சேர்ந்தது. எப்சன் சூடாக்காமல் அழுத்தித் தெளிப்பதால் ஹெட் கருகாது, ஆனால் காய்ந்து இறுகினால் செலவு பெரிது. பல வாரம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நான் எப்சன் டேங்க் சொல்லமாட்டேன். வாரம் தவறாமல் நிறத்தில் ஏதாவது அடிக்கும் வீட்டுக்குத் தயங்காமல் சொல்வேன்.

இங்க்ஜெட் எதுவானாலும், கோடு விழுந்தால் உடனே ஹெட் கிளீனிங் கொடுக்காதீர்கள். முதலில், எந்தத் துவாரம் அடைத்திருக்கிறது என்று காட்டும் நொஸில் செக் அடியுங்கள், அதற்குத் துளி மைதான். ஒன்றிரண்டு கிளீனிங்கில் சரியாகவில்லை என்றால் ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். பல அடைப்புகள் ஊறியே இளகும்.

வீட்டில் மை கரைவதற்கு இன்னொரு பெரிய காரணம் வாட்ஸ்அப். டியூஷன் ஆசிரியர் வினாத்தாளைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிறார். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படத்தில் வெள்ளைத் தாள் வெள்ளையாக இருக்காது, சாம்பலும் பழுப்புமாக இருக்கும். நம் கண்ணுக்கு அது கறுப்பு எழுத்துத் தாள். மெஷினுக்கோ அது முழுப் பக்கப் படம், அந்தப் பழுப்பை உண்டாக்க மூன்று நிற மையையும் கலந்து ஓரம் வரை பூசுகிறது. எழுத்து மட்டும் உள்ள பக்கத்தில் தாளின் ஒரு சிறு பங்கில்தான் மை படும், இதிலோ தாள் முழுவதும். கணக்குத் தாள் ஒன்றை அடித்ததும் நீலம் குறைகிறதே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், காரணம் இதுதான். கைபேசி ஸ்கேன் செயலி எதிலாவது கறுப்பு-வெள்ளை வடிப்பானைப் போட்டு, பின்னணியை வெளுத்துவிட்டு அடியுங்கள். எந்த மெஷின் வைத்திருந்தாலும் இது பலன் தரும். புது மெஷின் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் இதை மட்டும் செய்து பாருங்கள் என்பேன்.

கறுப்பு லேசரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அதில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் ஒரு தூள், அதற்குக் காய்வது என்றால் என்னவென்றே தெரியாது. ஆறு மாதம் மூடி வைத்துப் போட்டாலும் முதல் தாளே சுத்தமாக வரும். கெனன் எல்பிபி6030 மெஷினுக்கு ‘325’ என்ற டோனர், 1600 பக்கம், பெட்டியோடு வருவது 700 பக்கம். எச்பி 12ஏ டோனர் 2000 பக்கம். மழையில் நனைந்தாலும் எழுத்து கரையாது, சாய மையில் அடித்த விண்ணப்பத்தைக் கொழும்பு காலி வீதி மழையில் கொண்டு போனவர்களுக்கு இதன் அருமை புரியும். குறை இரண்டு: நிறம் இல்லை, சூடேறும்போது சில நூறு வாட் இழுப்பதால் வீட்டு யூபிஎஸ்ஸில் மாட்ட முடியாது. இங்க்ஜெட்டுக்குப் பத்து இருபது வாட் போதும்.

மாதம் இருபது தாளுக்குள் என்றால் வீட்டுக்கே மெஷின் வேண்டாம், தெருமுனையில் பிரிண்ட், போட்டோகொப்பி எடுத்துத் தரும் கொமியூனிகேஷன் கடை போதும். பக்கத்துக்குக் கூடக் கொடுத்தாலும் பஞ்சு, ஹெட் எல்லாம் அவர் தலைவலி. அடையாள அட்டை, வங்கிப் பத்திரம் போன்றவற்றை மட்டும் அடித்து முடித்த கையோடு அவர் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இப்போது பழைய கறுப்பு லேசர் ஒன்று ஓடுகிறது, நிறம் வேண்டுமானால் கடை. முதலில் வாங்கிய காட்ரிட்ஜ் மெஷினை வீசவில்லை. அதன் ஸ்கேனர் நன்றாக வேலை செய்கிறது, அதற்கு மை வேண்டாம்.