ஜாங்கோவில் தமிழ்க் கோப்புகள்: சில வருட அனுபவம்

வேலூரைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் சின்னச் சின்ன வலைச்செயலிகள் செய்து தருகிறேன். எல்லாமே ஜாங்கோ என்ற பைதான் வலைக் கட்டமைப்பில்தான். தமிழை அது எப்படிக் கையாள்கிறது என்று கேட்டால், உள்ளே ஒரு தொல்லையும் இல்லை, வம்பெல்லாம் கோப்புகள் வந்து நுழையும் வாசலில்தான்.

ஜாங்கோ 3.1 பதிப்பிலிருந்து, பக்கங்களின் அச்சான டெம்ப்ளேட் கோப்புகள் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில்தான் (எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாக எழுதும் முறை) இருந்தாக வேண்டும். வேறு குறியாக்கம் சொல்லும் செட்டிங்கையே தூக்கிவிட்டார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

ஆனால் பயனர் அப்லோட் செய்யும் கோப்பை ஜாங்கோ வெறும் பைட்டுகளாகத்தான் கையில் கொடுக்கும். அது என்ன குறியாக்கம் என்பது நம் பாடு. குடியாத்தம் லுங்கிக் கடைக்காரர் ஒருவர் எக்செல்லில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை அட்டவணை) என்று சேமித்து அனுப்புவார். எக்செல் அதன் தலையில் பிஓஎம் என்ற 3 பைட் குறியை வைத்துவிடும். அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்வதால், கண்ணெதிரே இருக்கும் 'பெயர்' நெடுவரிசையை இல்லவே இல்லை என்று பைதான் சாதிக்கும். 'யூடிஎஃப்-8-சிக்' என்று சொல்லிப் படித்தால் பிஓஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாக வரும். திருப்பி எக்செல்லுக்கு அனுப்பும்போது அதே குறியை நாமே முதலில் எழுத வேண்டும். இல்லையென்றால் 'வேலூர்' என்ற மூன்றெழுத்தின் 18 பைட்டும் தனித்தனிக் கிறுக்கலாகத் திறக்கும்.

உண்மையான தலைவலி அச்சகக் கோப்புகள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் இடங்களில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் போகவில்லை. பாமினியில் அடித்தது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளி போன்ற குறிகளும்தான், எழுத்துரு போட்ட வேஷம்தான் தமிழ். அதனால் யூடிஎஃப்-8 சோதனையில் ஒரு பிழையும் இல்லாமல் தேறிவிடும். குறியாக்கத்தை ஊகிக்கும் நிரல்களும் 'ஆஸ்கி' (வெறும் ஆங்கில எழுத்துக்கான குறியாக்கம்) என்று சொல்லிக் கைகழுவிவிடும். (சரியாகத்தான் சொல்கின்றன, நமக்குத்தான் உதவவில்லை.) இப்போது பெயர் நெடுவரிசையில் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் எழுத்து ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் பதிவேற்றம் நின்றுவிடும். பாமினி என்று உறுதியானால் ஓப்பன்-தமிழ் நிரலகம் மாற்றித் தருகிறது.

அப்புறம், பைதானில் கோப்பு திறக்கும்போது குறியாக்கத்தை எழுதியே தீருங்கள். எழுதாவிட்டால் விண்டோஸ் மடிக்கணினியும் லினக்ஸ் சர்வரும் ஒரே கோப்பை வேறு வேறு விதமாகப் படிக்கலாம்.

எந்த எழுத்துரு என்றே பிடிபடாத கோப்பை நான் ஊகித்து மாற்றுவதில்லை. அச்சகத்துக்குப் போன் போட்டு, "அண்ணே, இது எதுல அடிச்சது?" என்று கேட்டுவிடுகிறேன்.