ஒரு கீபோர்டு, மூன்று ஒயரிங்: கானாவுக்கு பேட்ச்சரா, ராக்கா, ரீப்பரா?

வியாசர்பாடியில் என் அறை மொட்டை மாடியில் இருக்கிறது. ஜீவா ஸ்டேஷனில் ரயில் கிளம்பினால் மைக்கில் விழும். அங்கேதான் கானா பாடுகிற தம்பிகளுக்கு ட்ராக் போட்டுக் கொடுக்கிறேன். "அண்ணா, எந்த சாஃப்ட்வேர்ல சவுண்டு நல்லா வரும்?" என்று கேட்காத ஆள் இல்லை.

நான் பார்த்தது எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் என்ற மூன்று பாட்டுப் பதிவு மென்பொருள்கள். சவுண்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான். விஎஸ்டி ஆர்மோனியம் (மென்பொருளுக்குள் ஏற்றுகிற ப்ளகின் வாத்தியம்) ஒன்றை மூன்றிலும் ஏற்றிப் பாருங்கள், ஒரே மாதிரிதான் பாடும். அது எந்த வழியாக வெளியே வருகிறது, வழியில் யாரோடு சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால் ஒரே வேலையை மூன்றிலும் செய்து பார்த்தேன். கீபோர்டில் இடது கை பேஸ், வலது கை ஆர்மோனியம். தோலக் நிஜமானது, மைக் வைத்து எடுத்தது. அது அடிக்கும்போதெல்லாம் பேஸ் கொஞ்சம் ஒதுங்க வேண்டும். குரலுக்கு அடியில், தெருமுனை குழாய் ஸ்பீக்கர் மாதிரி கரகரவென்று அதே குரலின் நகல் ஒன்று.

எஃப்எல் ஸ்டுடியோவுக்குள் இருக்கும் இணைப்புப் பலகைதான் பேட்ச்சர். அதில் ஒயர் கண்ணுக்குத் தெரியும். மைக்செட் கட்டிப் பழகியவனுக்கு அரை மணி நேரம் போதும். கீபோர்டைப் பிரிக்க ஸ்ப்ளிட்டர் உள்ளேயே இருக்கிறது. குரலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராகவும் மற்றொன்றை ஈக்யூ (தொனியைக் கூட்டிக் குறைப்பது), டிஸ்டார்ஷன் (கரகரப்பு) வழியாகவும் இழுத்தால் குழாய் ஸ்பீக்கர் தயார். மொத்தத்தையும் ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்துக்கொள்ளலாம். ஆனால் தோலக்கை பேஸோடு கட்ட நான் பேட்ச்சரை விட்டு வெளியே மிக்ஸருக்கு வந்துவிட்டேன். பாதி ஒயர் உள்ளே, பாதி வெளியே. சத்தம் வரவில்லை என்றால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். அப்புறம், விலை குறைந்த ஃப்ரூட்டி எடிஷனில் மைக் வைத்து ட்ராக் எடுக்க முடியாது, ப்ரொட்யூசர் எடிஷன் வேண்டும். ஒரு முறை வாங்கினால் புதுப் பதிப்புகள் ஆயுளுக்கும் இலவசம் என்பது ஆறுதல்.

ஏபிள்டன் லைவின் ராக்கில் ஒயரே கிடையாது. டிபன் கேரியர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகச் செயின்கள், அதாவது வாத்தியமும் எஃபெக்டும் சேர்ந்த வரிசைகள். எந்தக் கட்டை எந்த வாத்தியத்துக்கு என்று ஒரு பட்டையை இழுத்துவிட்டால் ஸ்ப்ளிட் முடிந்தது. மெதுவாக அழுத்தினால் ஒரு சத்தம், ஓங்கி அடித்தால் வேறு சத்தம் என்றும் பிரிக்கலாம். பேஸ் ஒதுங்க, சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸரில் சைடுசெயினை (வேறொரு ட்ராக்கைக் கேட்டு அமுக்கும் வழி) திறந்து தோலக் ட்ராக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். ராக்கின் உண்மையான பலம் மேக்ரோ, அதாவது பல அமைப்புகளை ஒன்றாகத் திருப்பும் குமிழ். 8 குமிழ் இருந்தது, லைவ் 11இலிருந்து 16 வரை வைக்கலாம். ஒரே குமிழில் கரகரப்பு ஏறும், ரிவர்ப் (எதிரொலி) இறங்கும். மேடையில் இருட்டில் மவுஸைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற குறிப்பை மட்டும் அனுப்பும் சின்ன மிடி கீபோர்டு பலவற்றோடு இலவசமாக வரும் லைட் எடிஷனில் 8 ட்ராக்தான். தோலக், சட்டி, டேப் என்று மேளங்கள், குரல், கோரஸ் என்று எடுக்க ஆரம்பித்தால் எட்டு எங்கே போதும்.

ரீப்பர் பார்க்க அழகில்லை. முதல் வாரம் எனக்கே பிடிக்கவில்லை. மிடிக்கு ஒரு ட்ராக், ஆடியோவுக்கு ஒரு ட்ராக் என்ற பேதமே அதில் கிடையாது. எல்லாம் ஒரே வகை. கீபோர்டைப் பிரிக்க ஒரு ட்ராக்கிலிருந்து இரண்டுக்கு மிடி அனுப்பி, இரண்டிலும் நோட் ஃபில்டர் போட வேண்டும். ராக்கில் பத்து நொடியில் முடிகிற காரியம். தோலக் விஷயத்தில்தான் கதை மாறியது. தோலக்கின் ரூட் பட்டனைப் பிடித்து பேஸ் மேல் இழுத்துப் போட்டேன். சத்தம் போய்ச் சேர்கிற சேனல் ஜோடியை 1/2இலிருந்து 3/4க்கு மாற்றினேன். பேஸில் இருக்கும் ரியாகாம்ப் என்ற கம்ப்ரஸரிடம், "3/4ஐக் கேட்டு அமுக்கு" என்று சொன்னேன். அவ்வளவுதான் சைடுசெயின். லைவில் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது நடந்தது என்ன என்று இங்கேதான் புரிந்தது. குழாய் ஸ்பீக்கர் நகலுக்கு முன்பு இதே சேனல் கணக்குதான் போட வேண்டும். 2023இல் வந்த 7ஆம் பதிப்பின் கண்டெய்னர் என்ற பெட்டியில் எஃபெக்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துவிடலாம்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு தலைவலி, கட்டையை அழுத்துவதற்கும் சத்தம் கேட்பதற்கும் நடுவே வரும் தாமதம். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டு) என்றால் சுமார் 3 மில்லிசெகண்ட், 512 என்றால் கிட்டத்தட்ட 12. வழியில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்ற கனமான எஃபெக்டை வைத்தால் இன்னும் கூடும். பதிவான ட்ராக்குகளை மென்பொருள் தானே நேர்செய்துவிடும். வாசித்துக்கொண்டிருப்பவன் விரலுக்கு அது உதவாது. கனமான எஃபெக்டை எல்லாம் ரெக்கார்டிங் முடிந்தபின் போடுங்கள்.

என்னைக் கேட்டால், கச்சேரிக்கு ராக். தனியாக உட்கார்ந்து பீட் போடுகிறவனுக்கு பேட்ச்சர். மைக் வைத்து ஆட்களை எடுக்கிறவனுக்கு, அதுவும் பழைய லேப்டாப்பும் கையில் குறைந்த காசும் இருந்தால், ரீப்பர். 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், அப்புறம் தனியாளுக்கு 60 டாலர்.

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். பேஸ், ஆர்மோனியம், தோலக், குரல் நான்கையும் சேர்த்து ரீப்பரில் ட்ராக் டெம்ப்ளேட்டாகச் சேமித்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அப்படிச் சேமித்தால் ட்ராக்குகளுக்கு இடையே இழுத்த ஒயரும் கூடவே வரும். ஆர்மோனியம் ப்ளகினை மட்டும் அவன் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.