டிவிக்குக் கீழே ஒரு லினக்ஸ் பெட்டி: கோடியா, ஜெல்லிஃபினா, கையில் எந்த கன்ட்ரோலர்?

கோடியையும் ஜெல்லிஃபினையும் போட்டியாளர்களாகவே பேசுகிறோம். உண்மையில் இரண்டின் வேலையும் வேறு. கோடி, படங்களை டிவியில் ஓட்டும் ஒரு பிளேயர். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்காக உருவாகி, 2014-இல் இந்தப் பெயருக்கு மாறியது. ஜெல்லிஃபின், உங்கள் படங்களை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் ஒரு சர்வர். எம்பி (Emby) என்ற மீடியா சர்வர் தன் மூலநிரலை மூடியதும் 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது.

வீட்டில் ஒரே டிவி, ஹார்ட் டிஸ்க்கும் அதே பெட்டியில் என்றால் கோடி போதும். கோடிக்கென்றே உருவான லினக்ஸான லிப்ரெஎலெக் நிறுவிய ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில், 4கே ஹெச்.265 வடிவ வீடியோ வரை சிப்பே டிகோட் செய்துவிடும். இடறுவது இரண்டாவது டிவி வரும்போதுதான். எதை எதுவரை பார்த்தோம் என்ற கணக்கு அந்தந்தப் பெட்டியின் எஸ்க்யூஎல்லைட் (SQLite) தரவுத்தளக் கோப்பில் இருக்கும். மரியாடிபி என்ற தரவுத்தள சர்வர் வைத்து எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாக்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே முதன்மைப் பதிப்பு கோடி இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் புதுப்பித்தால் அது தனக்கென்று வேறு தரவுத்தளம் உருவாக்கிக்கொள்ளும்.

போன், டேப்லெட், படுக்கையறை டிவி எல்லாவற்றிலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமா? ஜெல்லிஃபின்தான். அதற்கான விலை டிரான்ஸ்கோடிங். கருவிக்குப் புரியாத வடிவத்தில் படம் இருந்தால் சர்வர் உடனுக்குடன் மாற்றித் தர வேண்டும். ராஸ்பெர்ரி பை 5-இன் சிப்பில், வீடியோவைப் புது வடிவத்தில் எழுதித்தரும் என்கோடரே கிடையாது, ஆகவே இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள். ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் உள்ள பழைய அலுவலகக் கணினி, 10 பிட் ஹெச்.265-ஐயும் சிப்பிலேயே டிகோட் செய்யும். ஜெல்லிஃபின் பயனரை, கிராஃபிக்ஸ் சிப்பைத் தொட அனுமதி தரும் 'ரெண்டர்' குழுவில் சேர்க்க மறந்தால் சுமை முழுவதும் சிபியு மேல் விழும். ப்ளூரேயிலிருந்து வரும் பட வடிவ சப்டைட்டிலும் இதே தொல்லை தரும்: பல கருவிகளுக்கு அதைப் படத்தின் மேலேயே பதித்து அனுப்ப வேண்டியிருப்பதால் முழு வீடியோவும் டிரான்ஸ்கோட் ஆகும். சப்டைட்டிலை எழுத்து வடிவ எஸ்ஆர்டி கோப்பாக, யுனிகோடில் வையுங்கள்.

லைப்ரரி காலியாகத் தெரிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அனுமதிதான். வெளி ஹார்ட் டிஸ்க்கை டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்யும்போது (ஒரு ஃபோல்டராக இணைக்கும்போது) உங்கள் பயனருக்கு மட்டுமே வாசல் திறக்கும். ஜெல்லிஃபின் ஓடுவது தனிப் பயனராக. எந்த டிஸ்க் எங்கே என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் டிஸ்க்கின் அடையாளமான யுயுஐடியைக் குறிப்பிட்டு, டிஸ்க் இல்லாதபோதும் பெட்டி தொடங்க 'நோஃபெயில்' சேர்த்து, நிலையான ஓர் இடத்தில் மவுண்ட் செய்யுங்கள். விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிய கணினியிலிருந்து எடுத்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வடிவ) டிஸ்க், எழுத முடியாத நிலையில் வந்து நிற்கலாம். அந்தக் கணினியை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

பெயரிடும் முறை இரண்டுக்கும் ஒன்றே: படத்துக்கு ஒரு ஃபோல்டர், பெயரோடு அடைப்புக்குறிக்குள் ஆண்டு. தமிழ்ப் படங்களுக்கு ஆண்டு கட்டாயம். வெறுமனே 'விக்ரம்' என்றால் 1986 படமா 2022 படமா என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

எங்கள் பரிந்துரை, இரண்டையும் சேர்ப்பது: மூலையில் ஜெல்லிஃபின் சர்வர், டிவியில் கோடி, நடுவே 'ஜெல்லிஃபின் ஃபார் கோடி' ஆட்-ஆன். கேம்தான் முதன்மை, படம் எப்போதாவது என்பவர்கள் நேராக, பழைய கேம்களுக்கென்றே உருவான லினக்ஸான பட்டோசெராவுக்குப் போகலாம்.

இனி கன்ட்ரோலர். சோனியின் டூயல்சென்ஸுக்கான (பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலர்) டிரைவர், லினக்ஸின் உட்கருவான கர்னலின் 5.12 பதிப்பிலும், நின்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோவுக்கானது 5.16-இலும் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டன. டெபியன் 11 என்ற லினக்ஸ் பதிப்பின் கர்னல் 5.10 என்பதால் அங்கே இரண்டும் இல்லை; 12-இல் உண்டு. எக்ஸ்பாக்ஸ் பேட் கேபிளில் தொல்லையே தராது, எக்ஸ்பேட் டிரைவர் எடுத்துக்கொள்ளும். ப்ளூடூத்தில்தான் தகராறு. எக்ஸ்பாக்ஸ் பேடின் 1708 மாடல் இணைந்த நொடியே விட்டுப்போய் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், ப்ளூடூத் மாட்யூலின் ஈஆர்டிஎம் (ERTM) என்ற மறு அனுப்பல் வசதியை அணையுங்கள். 1914 மாடலுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு தேவைப்படலாம், அதற்கு விண்டோஸ் கணினியோ எக்ஸ்பாக்ஸோ வேண்டும். 8பிட்டோ நிறுவனத்தின் பேட்களில் பலவற்றை எக்ஸ் பட்டனோடு ஸ்டார்ட்டை அழுத்தி ஆன் செய்தால் எக்ஸ்பாக்ஸ் பேடாகவே தெரியும். லினக்ஸுக்கென்று புதிதாக வாங்குபவருக்கு எங்கள் முதல் தேர்வு டூயல்சென்ஸ்.

பட்டன் வேலை செய்யவில்லையா? கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் கேபிள்: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் கர்னல் பதிவில் ஒரு வரிகூட வராது. அடுத்து, கன்ட்ரோலரிலிருந்து வருவதைத் திரையில் காட்டும் எவ்டெஸ்ட் (evtest) கட்டளையை ஓட்டிப் பட்டனை அழுத்துங்கள். எண்கள் ஓடினால் டிரைவர் நலம், கோளாறு மேப்பிங்கில், அதாவது எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்ற அமைப்பில். ரூட்டாக ஓட்டினால் மட்டும் எண்கள் வருகிறதென்றால் சாதாரணப் பயனருக்குக் கருவியைத் திறந்துவிடும் யுடெவ் (udev) அனுமதி விடுபட்டிருக்கிறது. எவ்டெஸ்டில் எல்லாம் சரி, கோடி மட்டும் அசையவில்லை என்றால், டெபியனிலும் உபுண்டுவிலும் கோடியின் ஜாய்ஸ்டிக் ஆட்-ஆன் தனிப் பேக்கேஜ் என்பதை நினைவில் வைத்து அதை நிறுவுங்கள். ஒரு அழுத்தலுக்கு மெனு இரண்டு அடி தாவினால், பின்னணியில் ஓடும் ஸ்டீம் கேம் மென்பொருள் அதே பட்டனை விசைப்பலகைத் தட்டலாகவும் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதை மூடிப் பாருங்கள்.

ஸ்டிக் தானாக நகர்வதையும் எவ்டெஸ்டே காட்டிக்கொடுக்கும். கையை எடுத்த பின், கேபிளில் இணைத்த எக்ஸ்பாக்ஸ் பேட் 0-ஐ ஒட்டியும், 0 முதல் 255 வரை அளக்கும் டூயல்சென்ஸ் 128-ஐ ஒட்டியும் நிற்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் 5000 வரை விலகல் இருந்தால் பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளில் அனலாக் டெட்ஸோனை (சிறு அசைவுகளைப் புறக்கணிக்கும் எல்லையை) 0.2 ஆக்கிச் சமாளிக்கலாம். அதற்கும் மேலே போனால் ஸ்டிக் மாட்யூலையே மாற்ற வேண்டும்.